மவுண்ட் ரோட்டில் மனிதர்களை நடக்க விடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மாநில நெடுஞ்சாலைத் துறை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மவுண்ட் ரோடு என்று நாங்கள் சொல்லும் அண்ணா சாலை என்றாலே உங்கள் கூட்டங்களில் மேம்பாலம், சிக்னல், ஒருவழி, யூ டர்ன் என்றுதான் பேச்சு வருகிறது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்தை மெட்ரோ சுரங்கத்தின் தலைக்கு மேலேயே எழுப்புவது லேசான வேலை இல்லை. அந்தப் பொறியாளர்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நான் எழுத வந்தது அந்தப் பகுதியைப் பற்றி அல்ல. பெரியார் சிலை நிற்கும் சிம்சனில் தொடங்கி ஸ்பென்சர் வரைக்கும் உள்ள ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரைப் பற்றி.

சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருந்து, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். எங்கள் ஆட்கள் ‘மவுண்ட் ரோடு வரைக்கும் போய்ட்டு வர்றேன்’ என்றால் இந்த இரண்டு கிலோமீட்டரைத்தான் சொல்வார்கள். நந்தனத்தில் இருப்பதும் அதே சாலைதான் என்று நீங்கள் வரைபடம் காட்டினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் கோப்பில் இது வண்டி ஓடும் சாலை. எங்களுக்கு இது கடைத்தெரு. அதைக் கடைத்தெருவாக நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இது கடைத்தெரு ஆன கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் கோப்புகளில் அது வராது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் வழி என்பதுதான் இதன் ஆதி வேலை. வழியில் அடையாறு குறுக்கிடும். 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி தன் கைக்காசைப் போட்டு சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலைக்குப் படிக்கட்டு கட்டியதும் அவர்தான். இன்றைக்கு மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடத்தில் இருந்தது அவருடைய மர்மலாங் பாலம். இந்தச் சாலையின் முதல் பெரிய செலவைச் செய்தவர் சர்க்கார் அல்ல, ஒரு வியாபாரி. இது சும்மா சொல்லி வைக்கிறேன்.

பாலம் வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் கோட்டைக்கு வெளியே, சாலையின் இரு பக்கமும் தோட்ட வீடு கட்டிக் குடியேறினார்கள். வீடு இங்கே, கடை ஜார்ஜ் டவுன் நெரிசலில் என்றால் துரைசானிகளுக்குத் தோதுப்படுமா? கடைகள் அவர்களைத் தேடி வந்தன. கோச்சு வண்டி கட்டிய சிம்சன் 1840இல் தொடங்கிய கம்பெனி. புத்தகக் கடை ஹிக்கின்பாதம்ஸ் 1844, கடிகாரக் கடை பி. ஓர் அண்ட் சன்ஸ் 1849. ஸ்பென்சர் 1860களில் வந்தது. சோடாவும் திண்டுக்கல் சுருட்டும் விற்று, ரயில் நிலையச் சாப்பாட்டையும் கையில் எடுத்துக்கொண்ட கம்பெனி அது.

இன்றைக்கு நாம் ‘மரபுக் கட்டடம்’ என்று சொல்லிப் பெருமைப்படுபவை பெரும்பாலும் ஒரு இருபத்தைந்து ஆண்டுக்குள் எழுந்தவை. பி. ஓர் கட்டடம் 1879. ஸ்பென்சரின் சிவப்புக் கட்டடம் 1895. மருந்து வியாபாரி டபிள்யூ. ஈ. ஸ்மித்துக்காகக் கட்டிய கார்டில் பில்டிங் 1897. பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் பில்டிங் என்று பேர் வாங்கியது இதுதான். ஹிக்கின்பாதம்ஸின் வெள்ளைக் கட்டடம் 1904. இவை எல்லாம் வண்டியில் வருகிறவர்களுக்காகக் கட்டிய கடைகள். வாசலில் கோச்சு நிற்க போர்ட்டிகோ, உள்ளே உயரமான கூரை. ஹிக்கின்பாதம்ஸில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட சலவைக்கல் தரை இன்றும் இருக்கிறது. முதல் தடவை உள்ளே போகிறவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் கால் வைப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போன கிராமத்து ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் இந்தக் கடைகளை மட்டும் வைத்து ‘மவுண்ட் ரோடு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அப்போது இது துரைமார் கடைவீதி. அதற்குக் காவலாக ஸ்பென்சர் பக்கத்தில் கர்னல் நீலின் சிலை நின்றது. 1857 கிளர்ச்சியில் ஊர் ஊராகத் தூக்கிலிட்டவன் அவன். அந்தச் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் நடந்த சத்தியாக்கிரகத்தில் தெற்கத்திச் சீமையிலிருந்தெல்லாம் தொண்டர்கள் வந்து ஜெயிலுக்குப் போனார்கள். ராஜாஜி முதல் தடவை ஆட்சிக்கு வந்த 1937இல்தான் அது இறங்கியது. இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. இருக்கட்டும், அங்கேதான் அதற்கு இடம்.

நம் மவுண்ட் ரோட்டை உண்டாக்கியது சினிமா. 1913இல் இரண்டு வெள்ளைக்காரர்கள் எலக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தார்கள். அதன் கட்டடம் அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் இன்னும் இருக்கிறது. அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் வந்துபோகும் இடம் அது. ஸ்டாம்ப் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாம் நிற்பது பழைய கொட்டகை என்று தெரியும்? அடுத்த ஆண்டே இதே சாலையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையா, கூவம் பக்கமாகக் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் ஒரு இந்தியர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அது. அப்புறம் நியூ எல்பின்ஸ்டன், வெல்லிங்டன், கேசினோ, பிளாசா, ஆனந்த். 1961இல் சாந்தி. 1964இல் ஒரே கூரையின் கீழ் மூன்று தியேட்டர்களோடு சஃபையர். 1970இல் தேவி வளாகம்.

இந்தக் கூட்டம் கோச்சில் வரவில்லை. கிழக்கே திருவல்லிக்கேணியிலிருந்து, மேற்கே கூவம் தாண்டி எங்கள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து, தெற்கே ராயப்பேட்டையிலிருந்து நடந்து வந்தது. மேட்னி ஷோ விட்டால் நடைபாதை முழுக்க ஆள். எங்கள் முதலாளி அந்த நேரத்தில் கணக்குப் பிள்ளையைக்கூட கவுன்டரில் நிற்கச் சொல்வார். படம் முடிந்து வருகிறவன் ஸ்பார்க் பிளக் வாங்கமாட்டான்தான். ஆனால் ‘இங்க ஒரு கடை இருக்கு’ என்று பார்த்து வைப்பான். வண்டி நின்றுபோன அன்றைக்கு வருவான் என்பார். அவர் சொன்னது பல தடவை பலித்தது.

கூட்டம் வந்தால் ஓட்டல் வரும். 1951இல் புகாரி வந்தது. சிக்கன் 65 அங்கேதான் பிறந்தது என்று அவர்கள் சொல்வார்கள். வேறு ஆட்கள் வேறு கதை சொல்வார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் அது தட்டில் வந்து இறங்கியபின் யாரும் வாதாடிப் பார்த்ததில்லை. கூட்டம் வந்தால் தவணைக்கு விற்கும் கடையும் வரும். ஒயிட்அவே லெய்ட்லா என்ற வெள்ளைக்காரத் துணிக்கடை இருந்த கட்டடம் சுதேசமித்திரன் பத்திரிகையின் கைக்கு வந்து விக்டரி ஹவுஸ் ஆனது. பிறகு அங்கே வி.ஜி.பி. வந்தது. துரைசானி கவுன் வாங்கிய இடத்தில் மாதச் சம்பளக்காரர் தவணையில் ரேடியோ எடுத்துக்கொண்டு இறங்கினார். இந்தத் தெருவில் நடந்த மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

எல்.ஐ.சி கட்டடத்தையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தொடங்கியது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆனது. 1959இல் கட்டடம் திறந்தபோது அது சர்க்கார் சொத்து. அன்றைக்கு நாட்டிலேயே உயரமானது. பஸ்ஸில் வந்து இறங்கி, துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து யார் மீதாவது இடிக்கிற ஊர்க்காரர்கள் எண்பதுகள் வரைக்கும் உண்டு. அண்ணாந்து பார்த்து நிற்க அப்போது நடைபாதையில் இடம் இருந்தது.

வியாபாரம் மட்டுமா? ராஜாஜி மண்டபம் இந்தச் சாலையை ஒட்டித்தான். திப்புவை வென்ற கொண்டாட்டத்துக்காக 1802இல் வெள்ளைக்காரன் கட்டிய விருந்து மண்டபத்தின் படிகளில்தான் அண்ணா, எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி நால்வர் உடலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. வாலாஜா ரோடு சந்திப்பில், பழைய ஆட்கள் ரவுண்டாணா என்று சொல்லும் இடத்தில், அண்ணாவின் சிலை அவர் உயிரோடு இருந்தபோதே 1968இல் நிறுவப்பட்டது. சாலைக்கு அவர் பெயர் வந்தது அதற்குப் பிறகுதான். 1987இல் எம்.ஜி.ஆர் மறைந்த நாளில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் இருந்த கருணாநிதி சிலையைக் கடப்பாரையால் இடித்தார்கள். கூட்டத்துக்குக் கோபமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் துக்கமோ கோபமோ, சென்னைக்காரன் முதலில் வந்து நிற்கிற இடம் இதுவாகத்தான் இருந்தது.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருகிறேன்.

1973இல் ஜெமினி மேம்பாலம் வந்தது. நகரத்தின் முதல் மேம்பாலம். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ‘இந்தச் சாலை கடந்து போவதற்கு’ என்ற எண்ணம் அப்போது விழுந்த விதை. எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய ஸ்பென்சர் எரிந்தது. அந்த இடத்தில் வந்த ஸ்பென்சர் பிளாசா 1991 முதல் கடைகளையும் கூட்டத்தையும் கட்டடத்துக்குள் இழுத்துக்கொண்டது. குளிர்சாதனம், நகரும் படி, யாருக்குத்தான் ஆசை இருக்காது? துணி, பாத்திரம், நகை எல்லாம் தி. நகர் போய்விட்டது. சஃபையர் 1994இல் மூடியது. சாந்தி 2016இல். தேவியும் கேசினோவும் தாக்குப்பிடித்து நிற்கின்றன.

இதிலெல்லாம் உங்கள் பங்கு குறைவு. காலம் மாறினால் கடை மாறும், வியாபாரிக்கு அது தெரியும். உங்களைக் கேட்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டினீர்கள். வருஷக்கணக்கில் தடுப்புத் தகரம், ஒருவழி, மாற்றுப்பாதை. பி. ஓர் கட்டடத்தின் பின்பகுதியை அதற்குப் பலி கொடுத்தோம். 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் அருகே சாலை உள்வாங்கி, ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. தகரத்துக்குப் பின்னால் இருக்கிற கடைக்கு வாடிக்கையாளர் வர மாட்டார். எங்கள் வரிசையிலேயே சில ஷட்டர்கள் அந்த ஆண்டுகளில் இறங்கின, திரும்ப ஏறவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டோம். ஏன்? ரயில் வந்தால் ஜனம் வரும் என்று.

ரயில் வந்துவிட்டது. 2019 பிப்ரவரி முதல் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி, ஆயிரம் விளக்கு என்று வரிசையாக நிலையங்கள். மக்கள் நகரும் படியில் ஏறி மேலே வருகிறார்கள். வந்ததும் எங்கே நடப்பது?

நீங்களே ஒரு நாள் காரை விட்டு இறங்கி நடந்து பாருங்கள். நடைபாதை பத்தடி நன்றாகப் போகும். பிறகு மின்வாரியப் பெட்டி. அதைச் சுற்றிப் போனால் ஏதோ வங்கியின் வாசல் சரிவு, அதில் கார் ஏறி நிற்கும். அடுத்து போலீஸ் தடுப்புகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் நிழலுக்காகச் சுவரோரம் ஒதுங்குவார்கள். நடக்கிறவன் சாலையில் இறங்கியாக வேண்டும். எதிர்ப்பக்கம் போக வேண்டுமா? இன்னும் மோசம். நடுவில் இரும்புக் கிராதி. எங்காவது ஒரு கம்பி விலகியிருக்கும். முதலில் பை போகும், பிறகு ஒரு தோள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உடம்பு. அந்தப் பக்கம் போய் நின்று, வருகிற வண்டியிடம் கையை நீட்டிக் கெஞ்ச வேண்டும். சுரங்க நடைபாதை இருக்கிறதே என்பீர்கள். அண்ணா சிலை சுரங்கப்பாதையில் முட்டி வலிக்காரர் இரண்டு தடவை ஏறி இறங்கிக் காட்டட்டும், நான் இந்த மடலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு கடைத்தெருவுக்கு இரண்டு பக்கமும் கடை இருந்தால் போதாது. இந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போக முடிய வேண்டும். மவுண்ட் ரோட்டில் இப்போது அது முடிவதில்லை. ஹிக்கின்பாதம்ஸுக்கு வந்தவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்.

வண்டிகள் எங்கே போகும் என்று கேட்பீர்கள். நான் சாலையை மூடச் சொல்லவில்லை. ஓமந்தூரார் ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போகிற வழி இது, மூடவும் கூடாது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை போட்டுக் கொடுத்தீர்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று அன்றைக்குப் பயந்தவர்கள் உண்டு. இன்றைக்குச் சாயங்காலம் அங்கே உட்கார ஒரு பெஞ்சு கிடைக்கிறதா பாருங்கள். அதே அளவுக்கு இங்கேயும் செய்யுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதில் பாதி போதும். நடைபாதை நடுவில் அறுபடாமல் போகட்டும். சாலை மட்டத்திலேயே கடக்க, நடப்பவருக்கென்று சிக்னல் வைத்த இடங்கள் நாலைந்து வேண்டும். அந்தச் சிக்னலில் கார்கள் கூடுதலாக நிற்கும், தெரியும். நிற்கட்டும். கீழே ஓடுகிற ரயிலுக்கு அவர்கள் வரலாம்.

நடைபாதை சரியானதும் பழைய வழக்கப்படி நடைபாதை வியாபாரிகளை முதல் வேலையாகக் கிளப்பிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. பெல்ட், கர்சீப், பழைய புத்தகம் விற்றவர்கள்தான் பெரிய கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள். இது எங்கள் முதலாளி ஒத்துக்கொள்ளாத கருத்து. ஆனால் கணக்கு எழுதியவன் நான்.

கார்டில் பில்டிங்கைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. அதைத் தினமும் பார்த்து வளர்ந்த கடை எங்களுடையது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபுக் கட்டடங்களுக்காகப் போராடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது. 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. இடிக்கவில்லை, சரிதான். அதன் பிறகு அந்தக் கட்டடத்துக்கு நடந்தது என்ன? கோபுரங்களின் இடுக்கில் அரசஞ்செடி முளைத்து வேர்விட்டது. மழைக்கு மழை காரை உதிர்ந்தது. 2012இல் சட்டமன்றம் மரபு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது; அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இடிக்கக் கூடாது என்ற உத்தரவும், பராமரிக்க மனமில்லாத உரிமையாளரும் சேர்ந்தால் கட்டடம் தானே இடிந்துகொள்ளும், யார் மீதும் பழி வராது. இப்போது ஆணையம் வந்துவிட்டது என்றால் அது முதலில் எடுக்க வேண்டிய கோப்பு இது. சீர்செய்த பிறகு அதை மியூசியமாக்கி, பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டிவிடாதீர்கள். கீழ்த்தளத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விடுங்கள். அது மருந்துக்கடைக்காகக் கட்டின இடம். வியாபாரம் நடந்தால்தான் அதற்கு உயிர்.

எலக்ட்ரிக் தியேட்டருக்கு ஒரு பலகை போதும், தமிழில். பெரிய செலவு இல்லை.

நடைபாதையும் கடக்கும் வழியும் ஒரே டெண்டரில் வராது, ஒரே துறையிலும் வராது என்பது எனக்குத் தெரியும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, விளக்கும் குப்பையும் மாநகராட்சியுடையது, சிக்னல் போக்குவரத்துக் காவலுடையது, தடுப்புத் தகரம் போட்டது மெட்ரோ. இந்த மடலை மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, பெருநகர வளர்ச்சிக் குழுமம் என்று மூன்று இடத்துக்கும் சேர்த்து எழுதியது அதனால்தான். ஒருவருக்கு மட்டும் எழுதினால் ‘எங்கள் வரம்பில் வராது’ என்று பதில் வரும். முதலில் எல்.ஐ.சி அருகே நடப்பவருக்கான சிக்னல் ஒன்றை மூன்று மாதம் சோதனைக்கு வைத்துப் பாருங்கள். காலையில் அலுவலக நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள், சாயங்காலம் எத்தனை பேர், கார்கள் எவ்வளவு நேரம் நின்றன என்று எழுதி, அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கணக்கு சரியாக இருந்தால் அடுத்த சிக்னலைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
சிந்தாதிரிப்பேட்டைவாசி ஒருவன்